தேனீ கட்டிய வீடு, நம் வீட்டின் வெளிச்சம்

மலைத்தேன் அடை ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அன்று பிள்ளைகளுக்குப் பெருநாள்தான். தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சுவைப்பார்கள். உம்மா வெள்ளைத் துணியில் அடையை வைத்துப் பிழிந்து, தேனைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து, பத்திரமாக அலமாரியில் எடுத்து வைப்பார். அதன் பிறகு துணியில் எஞ்சிய சக்கை எங்கே போகிறது? கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டுக்கு! மறுநாள் காலையில் பார்த்தால் எறும்புகள் அதை மொய்த்துக்கொண்டிருக்கும்.

அன்புச் சகோதரிகளே! நாம் குப்பையில் எறியும் அந்தச் சக்கையில்தான் தேன்மெழுகு இருக்கிறது. ஒரு காலத்தில் அரண்மனைகளிலும் பெரிய பள்ளிவாசல்களிலும் ஒளி தந்த மெழுகு அது. மின்சாரம் நின்றுபோன இரவில் நம் வீட்டுக் கூடத்திலும் அது பொன்னிறமாக எரியக்கூடும். கொஞ்சம் பொறுமையும் ஓர் ஓய்வுப் பிற்பகலும் இருந்தால், அந்த மெழுகுவர்த்தியை உங்கள் கையாலேயே செய்துவிடலாம்.

முதலில் வீடு, பிறகே தேன்

திருமறையின் 16-ஆவது அத்தியாயத்துக்கு ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ என்று பெயர். அதன் 68, 69-ஆம் வசனங்களைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். தேனைப் பற்றியும், மனிதர்களுக்கு அதில் இருக்கும் நிவாரணத்தைப் பற்றியும் அங்கே கூறப்பட்டிருப்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் தேனுக்கு முன்னதாக அங்கே சொல்லப்படுவது வேறொன்று. மலைகளிலும், மரங்களிலும், மனிதர்கள் கட்டுகிறவற்றிலும் வீடு அமைத்துக்கொள்ளுமாறு அல்லாஹ் தேனீக்கு உணர்த்திய செய்திதான் அது. முதலில் வீடு, அடுத்துக் கனிகளைத் தேடிச் செல்லும் பயணம், அதன் பிறகே தேன். இதுதான் அந்த வசனங்களின் வரிசை.

அந்த வீடு எதனால் ஆனது? மெழுகால். தேனீ எங்கிருந்தோ மெழுகைத் தேடிக் கொண்டுவருவதில்லை. தன் உடலிலிருந்தே சுரக்கிறது. வேலைக்காரத் தேனீ ஏறத்தாழ 12 முதல் 18 நாள் வயதை அடையும்போது, அதன் அடிவயிற்றிலுள்ள நான்கு இணைச் சுரப்பிகளில் மெழுகு ஊறிச் சிறுசிறு செதில்களாக உறைகிறது. தேனீ அவற்றைக் காலால் எடுத்து, வாயில் மென்று பதப்படுத்தி, சுவரில் வைத்து அறுகோண அறைகளைக் கட்டுகிறது. ஒரு செதிலின் எடை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு கிராம் மெழுகு சேர வேண்டுமானால் ஆயிரம் செதில்கள் வேண்டும்! ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை தேனை உண்ண வேண்டியிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் போட்டுப் பாருங்கள். உண்ணவும் பருகவும் செய்யுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. சோற்றுப் பருக்கை சிந்தினால் பிள்ளைகளைக் கண்டிக்கிற நாம், தேனை எடுத்துக்கொண்டு வீட்டைத் தூக்கி எறிகிறோம். அதில் போவது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்களின் உழைப்பு அன்றோ!

இஸ்லாமிய நாடுகளில் தேன்மெழுகு

அரபு மொழியில் ‘ஷம்உ’ என்னும் ஒரே சொல் மெழுகையும் மெழுகுவர்த்தியையும் குறிக்கும். மெழுகு என்றாலே தேன்மெழுகு என்றிருந்த காலத்துச் சொல் அது. எகிப்திலும் சிரியாவிலும் மம்லூக் ஆட்சி நடந்த நாள்களில், பித்தளையில் வெள்ளியும் பொன்னும் இழைத்த மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் கைவினைஞர்கள் உருவாக்கினார்கள். அவற்றில் பல இன்றும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. துருக்கியின் உதுமானியப் பள்ளிவாசல்களில் மிஹ்ராபின் இரு பக்கங்களிலும் ஆளுயரத் தாங்கிகளில் பெரிய மெழுகுவர்த்திகள் நின்றன.

இஸ்தான்புல்லில் 1557-இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானியாப் பள்ளிவாசலைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கட்டடக் கலைஞர் சினான், உள்ளே எரியும் விளக்குகளின் புகைக்கரி முழுவதும் காற்றோட்டத்தால் ஓர் அறைக்குப் போய்ச் சேருமாறு அமைத்தார். அங்கே படிந்த கரி எழுதும் மை செய்யப் பயன்பட்டது. வெளிச்சம் தந்த விளக்கின் புகையைக்கூட வீணாக்காத காலம் அது!

அல்ஜீரியாவின் கடற்கரையில் பிஜாயா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் ஹம்மாதிய அரசின் தலைநகராகச் சிறந்த ஊர் அது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏராளமான தேன்மெழுகு கப்பலேறியது. பிரெஞ்சுக்காரர்கள் அந்நகரைத் தங்கள் நாவுக்கேற்ப ‘பூழி’ என்று அழைத்தார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் மெழுகுவர்த்திக்கு அதே பெயர்தான்! ஒரு முஸ்லிம் நகரின் பெயரே ஒளியின் பெயராகிவிட்டது.

மெழுகுவர்த்தி என்றதும் நம் நினைவுக்கு வரும் இன்னொருவர் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த அவர், ஓர் இரவு அரசாங்க அலுவலைக் கவனித்துக்கொண்டிருந்தார். வந்திருந்தவர் பேச்சைத் திருப்பி அவருடைய குடும்ப நலம் பற்றி விசாரித்ததும், எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கைக் கொண்டுவரச் செய்தார். பொதுச் சொத்தின் வெளிச்சத்தில் சொந்தப் பேச்சு கூடாது என்பது அவர் கருத்து. வரலாற்று நூல்களில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மெழுகின் ஒரு துளியும் அமானிதம் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

அப்படி என்ன சிறப்பு?

கடையில் நாம் வாங்கும் சாதாரண மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபினால் ஆனது. பாரஃபின் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 19-ஆம் நூற்றாண்டில் அது பெருகிய பிறகு, விலை மிகுந்த தேன்மெழுகு பின்னுக்குப் போய்விட்டது. இன்றும் தேன்மெழுகின் விலை பாரஃபினைவிடப் பல மடங்கு அதிகம்தான்.

ஆனாலும் தேன்மெழுகுக்கென்று தனி அழகு உண்டு. அதன் மஞ்சள் நிறம் சாயமன்று. பூக்களின் மகரந்தமும் தேனீக்கள் சேர்க்கும் பிசினும் கலந்து இயற்கையாக அமைந்தது. ஏற்றாமல் வைத்திருந்தாலே இலேசான தேன் மணம் வீசும். மெதுவாக எரியும். திரி சரியாக அமைந்துவிட்டால் புகை மிகக் குறைவு. மெழுகு வழிவதும் குறைவு. சுடர் வெண்மையாகக் கண்ணைக் கூசாமல் பொன்னிறமாக நிற்கும்.

இது காற்றிலுள்ள தூசியையும் நோய்க்கிருமிகளையும் அழித்து அறையைச் சுத்தம் செய்யும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அதற்குத் தக்க சான்று இல்லை. எரியும் எந்தத் திரியும் கொஞ்சம் புகையைத் தரத்தான் செய்யும். இருக்கிற சிறப்பே போதும். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் தேன்மெழுகுக்கு இல்லை.

சக்கையிலிருந்து மெழுகு

தேன் பிழிந்த சக்கையை முதலில் குளிர்ந்த நீரில் நன்றாக அலசுங்கள். பிறகு ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிடுங்கள். தேனும் அழுக்கும் கரைந்து போகும். ஊறிய சக்கையைப் பிழிந்து, மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுத்துவிடும். தண்ணீரும் முக்கியம். கடற்கரை ஊர்களில் கிணற்றுநீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கும்; அதிலுள்ள சுண்ணாம்பு மெழுகுடன் சேர்ந்து பிசுபிசுப்பாகத் திரியச் செய்யும். பிடித்து வைத்த மழைநீர் இதற்கு மிகவும் ஏற்றது.

மூட்டையைத் தண்ணீரில் போட்டு இளந்தீயில் சூடாக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும் என்பதால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. மெழுகு தண்ணீரைவிட இலேசானது. துணி வழியே கசிந்து மேலே வந்து மிதக்கும். அகப்பைக் காம்பால் மூட்டையை அவ்வப்போது அழுத்திக்கொடுங்கள். பிறகு மூட்டையை எடுத்துவிட்டு, பாத்திரத்தை மூடி, அசைக்காமல் இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் பார்த்தால் தண்ணீரின் மேல் மஞ்சள் தட்டாக மெழுகு உறைந்திருக்கும். அதன் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் கசடைக் கத்தியால் சுரண்டிவிட்டு, இன்னொரு முறை உருக்கித் துணியில் வடித்துக்கொண்டால் சுத்தமான மெழுகு தயார்.

ஒன்றை நினைவில் வையுங்கள். தேன் மட்டும் நிறைந்திருந்த வெளிறிய அடையில் மெழுகு தாராளமாகக் கிடைக்கும். புழு வளர்ந்த கறுத்த பழைய அடையில் கூட்டுப்புழுக்களின் உறைகளே மிகுதி. மெழுகு குறைவாகத்தான் கிடைக்கும். “இவ்வளவு பெரிய அடையில் இவ்வளவுதானா?” என்று ஏமாந்து போக வேண்டாம்.

மெழுகை வாங்குவதானால்

ஓர் அடையில் கிடைக்கும் மெழுகு ஒன்றிரண்டு சிறு மெழுகுவர்த்திகளுக்கே காணும். கூடுதலாக வேண்டுமானால் தேனீ வளர்ப்போரிடம் கேட்டு வாங்கலாம். குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதி இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பெட்டிகளில் தேனீ வளர்ப்போர் அடையைப் பிழிவதில்லை. அறைகளின் வாயை மூடியிருக்கும் மெல்லிய மெழுகு மூடிகளை மட்டும் சீவிவிட்டு, சுழலும் எந்திரத்தில் வைத்துத் தேனை எடுத்துக்கொண்டு, அடையைத் தேனீக்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மூடி மெழுகுதான் மிகச் சுத்தமானது. ஆனால் நூறு கிலோ தேனுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ அளவில்தான் அது கிடைக்கும். விலை ஏன் அதிகம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மெழுகுக்காகக் கூடுகளைத் தீயிட்டு அழிப்பவர்களிடம் வாங்காதீர்கள். தேனீக்களுக்கு ஏற்கெனவே துன்பம் குறைவில்லை. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. எத்தனையோ தேனீ வளர்ப்புக் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. தேனீ சென்று அமரும் பூவை முறிக்காது, கெடுக்காது. தூய்மையானதை உண்டு தூய்மையானதையே தரும். இறைநம்பிக்கையாளரும் அப்படிப்பட்டவரே என்னும் கருத்துள்ள நபிமொழி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. நாம் அந்தத் தேனீயிடம் பெறும்போதும் முறிக்காமல், கெடுக்காமல் பெறுவதே முறை.

மெழுகில் பாரஃபின் கலந்து விற்பவர்களும் உண்டு. ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். நல்ல தேன்மெழுகின் உடைந்த முகம் சொரசொரப்பாக மணிமணியாகத் தெரியும். விரல்களிடையே வைத்து உருட்டினால் சூடேறி இளகும்; வழுக்கல் இராது. தேன் மணம் இருக்கும். நாள்பட்ட மெழுகின் மேல் மாவு பூத்ததுபோல் வெள்ளைப் படலம் படரும். அது பூஞ்சணமன்று, தூய தேன்மெழுகில் இயல்பாகத் தோன்றுவது. மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். இவை யாவும் கைப்பழக்கச் சோதனைகளே. ஐயமற்ற முடிவை ஆய்வுக்கூடச் சோதனைதான் தரும். ஆகவே நம்பிக்கையான ஆளிடம் வாங்குவதே நல்லது.

உயிர்நாடி திரிதான்

மெழுகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திரி சரியில்லாவிட்டால் மெழுகுவர்த்தி எரியாது. சுடரின் சூட்டில் மெழுகு உருகி, திரி வழியே மேலேறி, ஆவியாகி எரிகிறது. தேன்மெழுகு உருகினாலும் பாகுபோல் கெட்டியாக இருப்பதால், பாரஃபினுக்குப் போதுமான திரி இதற்குப் போதாது. சற்றே தடித்த திரி வேண்டும். திரி மெல்லியதாக இருந்தால் சுடர் மெழுகுக் குளத்தில் மூழ்கி அணைந்துவிடும். அளவுக்கு மிஞ்சித் தடித்தால் புகையும் வழியும்.

முறுக்கிய நூலைவிடச் சடைபோல் பின்னிய நூலே சிறந்தது. பழங்காலத்தில் முறுக்குத் திரியின் கருகிய நுனியைக் கத்தரியால் அடிக்கடி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1825-இல் பிரெஞ்சுக்காரர் கம்பாசெரஸ் பின்னல் திரியைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. பின்னல் திரி எரிய எரிய வளைந்து, சுடரின் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகிவிடும்.

நூல் நூற்றுக்கு நூறு பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் கலந்த நூல் எரியாமல் உருகிவிடும். மூன்று புரிப் பருத்தி நூலைப் பிள்ளைகளின் தலைமுடியைப் பின்னுவதுபோல் இறுக்கமாகப் பின்னுங்கள். ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரமும் கரைத்து, திரியை அதில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாகக் காயவையுங்கள். சுடர் நிதானமாக எரிய இது உதவும். வெங்காரக் கரைசலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது உங்கள் பொறுப்பு. அது வயிற்றுக்குள் போகக்கூடாது. காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்கி, காற்றுக் குமிழிகள் வருவது நின்றதும் எடுத்து, நேராக இழுத்துக் காயவிட்டால் திரி தயார்.

மூன்று வழிகள்

முதல் வழி உருட்டுதல். அடுப்பே வேண்டாத எளிய வழி. தேனீப் பெட்டிகளின் சட்டங்களில் பொருத்துவதற்காக அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாள்கள் விற்கப்படுகின்றன. தாளை வெயில்படும் இடத்தில் சில நிமிடங்கள் வைத்து இளகச்செய்து, ஓரத்தில் திரியை வைத்து, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டினால் மெழுகுவர்த்தி ஆயிற்று. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தாளின் அறுகோணங்களைக் காட்டி அந்நஹ்ல் அத்தியாயத்தின் வசனங்களையும் சொல்லிக் கொடுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது வழி அச்சில் வார்த்தல். சிறிய கண்ணாடிக் குவளையிலோ அகலிலோ திரியை நடுவில் நிறுத்தி, மேலே ஒரு குச்சியில் கட்டி, உருகிய மெழுகை மெதுவாக ஊற்றலாம். கண்ணாடியை முன்னதாக வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் துடைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் விரிசல் விழும். தேன்மெழுகு ஆறும்போது சுருங்கித் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்திருந்து, இரண்டாம் முறை ஊற்றி அதை நிரப்புங்கள். அச்சிலிருந்து கழற்றி எடுப்பது கடினம், ஏனெனில் இந்த மெழுகு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. ஆகவே தொடக்கத்தில் பாத்திரத்தோடு எரிக்கும்படி செய்வதே உத்தமம்.

மூன்றாவது வழிதான் பழமையானது, அழகானது: முக்கி எடுத்தல். உயரமான, குறுகிய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்று வேண்டும். அதில் மெழுகைப் போட்டு, தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். மெழுகின் வெப்பம் 70 டிகிரி அளவில் நிற்கட்டும். ஒரு நீளத் திரியின் நடுப்பகுதியைக் குச்சியில் தொங்கவிட்டால் இரு முனைகளிலும் இரண்டு மெழுகுவர்த்திகள் கிடைக்கும். பிஸ்மி சொல்லி, இரண்டையும் மெழுகில் சட்டென்று முக்கி, சட்டென்று எடுத்துவிடுங்கள். தாமதித்தால் ஏற்கெனவே படிந்த மெழுகும் உருகி ஓடிவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, மறுபடியும் முக்குங்கள். முதல் ஐந்தாறு முறை ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். பொறுமை இழக்க வேண்டாம். இருபது, முப்பது முறைக்குப் பிறகு, மேலே ஒடுங்கி அடியில் பருத்த அழகிய மெழுகுவர்த்தி குச்சியில் தொங்கும். இளஞ்சூட்டில் இருக்கும்போதே பலகையில் உருட்டி நேராக்கி, அடியைக் கத்தியால் சமமாக வெட்டிவிடுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறோம். இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவும் இருபது சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு மெழுகுவர்த்திக்கு ஏறத்தாழ 60 கிராம் மெழுகு பிடிக்கும். கால் கிலோவில் நான்கு செய்யலாம். ஆனால் முக்கி எடுக்கப் பாத்திரம் நிறைய மெழுகு இருக்க வேண்டும். குறைந்தது அரைக் கிலோவுக்கு மேல் தேவைப்படும். மிஞ்சுவது வீணாகாது, அடுத்த முறைக்கு உதவும். கையில் கால் கிலோதான் இருந்தால் இரண்டாவது வழியைக் கைக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் மெழுகுவர்த்தி சரியாக எரியாமல் போகலாம். உடனே ஒரே அளவில் மூன்று செய்து, மூன்று விதத் தடிமனில் திரி வைத்து எரித்துப் பாருங்கள். எது நன்றாக எரிகிறதோ அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனதை உடைத்து மறுபடி உருக்கிவிடலாம்.

நெருப்போடு விளையாட்டு வேண்டாம்

மெழுகை ஒருபோதும் நேரடியாக அடுப்பின் மேல் வைத்து உருக்காதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெழுகு அடுப்பில் இருக்கும்வரை அந்த இடத்தை விட்டு அகலாதீர்கள். யாராவது கதவைத் தட்டினால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அடுப்படியில் வேலையில்லை.

தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிடுங்கள். காற்று கிடைக்காமல் தீ அணைந்துவிடும். சூடு தணியும்வரை தட்டைத் திறக்காதீர்கள். கையில் சூடான மெழுகு பட்டுவிட்டால் ஒட்டியதைப் பிய்க்காமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்; பற்பசை, மை போன்றவற்றைப் பூச வேண்டாம். காயம் பெரிதென்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். மீந்த மெழுகைக் கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்து, அதற்கென்றே தனியாக ஒதுக்கிவையுங்கள்.

ஏற்றும்போது திரியின் நுனியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். காற்று வீசும் சன்னல் ஓரத்திலும், திரைச்சீலை அருகிலும், கொசுவலைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். அடியில் கனமான தாங்கி இருக்கட்டும். நம் ஊர்க் கோடையில் தேன்மெழுகும் இளகி வளையக்கூடும். ஆகவே நிறுத்தி வைக்காமல், தாளில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

இரவில் உறங்கச் செல்லும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரையே எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் எடுத்துரைத்தார்கள். புகாரியில் காணப்படும் இந்த அறிவுரை நம் மெழுகுவர்த்திக்கும் அப்படியே பொருந்தும். படுக்கும் முன் அணையுங்கள்; அணைந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.

கைத்தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு

வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க வழியுண்டா என்று கேட்கும் சகோதரிகள் பலர். கணவரை இழந்தவர்களும், கணவர் வெளிநாட்டில் இருக்க வீட்டை ஒற்றையாளாகச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. இதில் கோட்டை கட்டலாம் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். மூலப்பொருள் விலை அதிகம், வாங்குவோரும் குறைவு. பரிசளிக்கவும், அழகுக்காகவும் தேடி வாங்குவோரை நம்பியே இந்தத் தொழில் நடக்கிறது. சிறிதாகத் தொடங்குங்கள். மெழுகு, திரி, எரிவாயு, உங்கள் உழைப்பு ஆகிய நான்கையும் கணக்கிட்டு விலை வையுங்கள். உழைப்புக்கு மதிப்புப் போடாமல் விற்பது பெண்கள் செய்யும் பெரிய பிழை. தேனீ வளர்ப்பையே கற்றுக்கொள்ள விரும்புவோர் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை அணுகலாம். அங்கே அதற்குப் பயிற்சி அளிக்கிறார்கள்.

தொழிலென்று வந்துவிட்டால் ஒரு சோதனை உங்களைத் தேடி வரும். “கால் பங்கு பாரஃபின் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மணம் அப்படியே இருக்கும், இலாபம் இரட்டிப்பாகும்” என்று யாராவது சொல்வார்கள், அல்லது நம் மனமே சொல்லும். உண்மைதான், வாங்குகிறவருக்குத் தெரியாது. தானியக் குவியலுக்குள் கையை விட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். மழையில் நனைந்ததை மேலே வைத்திருந்தால் மக்கள் பார்த்திருப்பார்களே என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுபவருக்குத் தம்மோடு உறவில்லை என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள செய்தி இது. கலப்பு மெழுகுவர்த்தி விற்பது தவறன்று. கலப்பு என்பதை மறைத்து விற்பதே தவறு. நனைந்ததை மேலே வையுங்கள். கலந்திருந்தால் “கலந்தது” என்று எழுதுங்கள். தூயதாக இருந்தால் தூயது என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

சகோதரிகளே! அடுத்த முறை வீட்டுக்குத் தேனடை வரும்போது, தேனை வடித்ததோடு கையைக் கழுவிவிடாதீர்கள். சக்கையை அலசி ஊறவையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெழுகெடுத்து, ஒரேயொரு மெழுகுவர்த்தியாவது செய்து வையுங்கள். ஏதோ ஓர் இரவில் மின்சாரம் நிற்கும், மின்விசிறி ஓயும், தெரு இருண்டுவிடும். அப்போது அதை ஏற்றுங்கள். இலேசான தேன் மணம் கூடத்தில் பரவும். அந்தச் சின்னச் சுடரைச் சுற்றி வீட்டார் எல்லோரும் ஒன்றாக வந்து அமர்வார்கள். “இது எங்கிருந்து வந்தது?” என்று கடைக்குட்டி கேட்கும்போது தேனீயின் வீட்டைப் பற்றியும், அதைக் கட்டச் சொல்லிக் கொடுத்தவனைப் பற்றியும் சொல்லுங்கள்.

அல்லாஹ் அளித்த எதையும் வீணாக்காமலும், எவரையும் ஏமாற்றாமலும் வாழும் நல்லுள்ளத்தை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.